வேலி பூத்ததும் நாற்காலி போனதும்

பொறாமைக்கு வயது கிடையாது. ஐம்பதைத் தாண்டிய வேலிக்காரம்மாவே அதற்குச் சாட்சி. பூங்காவில் நடைபாதையின் இரு பக்கமும் இடுப்பளவு நிற்கும் செடிவேலியை வெட்டிச் சீராக்குவது அவள் வேலை. பெரிய கத்தரியோடு ஒரு வாசலில் தொடங்கி மறு வாசலை எட்டுவதற்குள், முதலில் வெட்டிய இடம் மறுபடி தலை நீட்டியிருக்கும். அவள் வெட்டிய வேலியின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் தளும்பாது. அதை யார் பார்த்தார்கள்? வேலி ஒழுங்காக இருந்தால் அப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

வருகிற எல்லார் கண்ணும் ரோஜாப் பாத்தி மேல்தான். அதைக் கவனிப்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பூங்கா. ரோஜாவோடு படம் எடுத்துக்கொண்டு, "இதெல்லாம் நீங்க வெச்சதாம்மா?" என்று சின்னவளைக் கேட்பார்கள். அவள் நெளிந்து நெளிந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டாலே பெரியவளுக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற மாமியார் தயாராக இருப்பாள்.

"சின்னவ கை பட்டா பட்ட மரமும் பூக்கும். பெரியவ கை பட்டா பூத்த மரமும் மொட்டை!"

இதையெல்லாம்கூடப் பெரியவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். கண்ணாடி வீட்டு விஷயத்தில்தான் பொறுமை போனது. தொட்டிச் செடிகள் இருக்கும் அந்தக் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெறப் போகிறார். அங்கே வெயில் இல்லை, குழாய் கைக்கெட்டும் தூரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே உட்கார ஒரு நாற்காலி. அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தன. கனவிலேயே அந்த நாற்காலியில் பலமுறை உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டாள். அவளுக்கு முன்பே சின்னவள் போய்க் கேட்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் ஒருவரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். கூரை ஒழுகினால்கூட மழையிடம் மன்னிப்புக் கேட்பார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒருத்தருக்குக் குடுத்துட்டு இன்னொருத்தர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? பூங்காவுல எங்கேயோ கருத்துப் பெட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத் தேடுங்க. ஜனங்க யாரைப் பாராட்டி எழுதியிருக்காங்களோ அவங்களுக்குக் கண்ணாடி வீடு. அவர் ஓய்வு பெறுறதுக்குள்ள பெட்டி கிடைக்கலேன்னா மூப்புதான்."

மூப்பு என்றால் பெரியவள்தான். ஆனால் பெட்டி, போயும் போயும் அவள் கையிலேயே அகப்பட்டது.

எவனோ வேலிக்குள் திணித்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பையை இழுக்கக் கையை நுழைத்தாள். விரல் இரும்பில் இடித்தது. இலைகளை விலக்கினால், பின்னால் இருந்த கம்பியோடு சேர்த்து மாட்டிய, தபால் பெட்டி மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. வருஷா வருஷம் கம்பிக்குப் பச்சை அடித்தவர்கள், பெட்டி, பூட்டு, மேலே இருந்த எழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். வாய் மட்டும் திறந்திருந்தது. உள்ளே காகித ஓரங்கள் தெரிந்தன.

ஒன்றைக்கூட அவள் எடுத்துப் படிக்கவில்லை. படித்துத்தான் தெரிய வேண்டுமா? எல்லாம் ரோஜாவாகத்தான் இருக்கும். வேலியைப் பாராட்டி எந்தப் பைத்தியம் கடிதம் எழுதும்? இலைகளை இழுத்து மூடிவிட்டு நகர்ந்தாள்.

அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் கத்தரி படவில்லை. வெட்டாமல் கடந்து போகும்போதெல்லாம் கை நமநமத்தது. வேலி அங்கே கொண்டை போட்டு, கொண்டை அவிழ்ந்து, கண்டபடி வளர்ந்தது. சின்னவள் கண்ணில் படாமல் இருக்குமா?

"என்னக்கா, இங்க மட்டும் தலைவிரி கோலமா விட்டிருக்க?"

"உன் பாத்தியை நீ பாரு. என் வேலிக்குச் சீப்பு எடுத்துக்கிட்டு நீ வராத."

ஓயாமல் வெட்டுப்பட்ட செடிக்கு இத்தனை காலம் மொட்டு விட நேரம் கிடைத்ததே இல்லை. இப்போது கிடைத்தது. ஒருநாள் காலையில் அந்தக் கொண்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. வாசம் வாசல்வரை வந்தது. ரோஜாவுக்குப் போனவர்கள் மூக்கு இழுத்த பக்கம் திரும்பினார்கள். முகர்ந்து பார்க்கக் கிளையை வளைத்த ஒரு பெண், "அய்யோ, இங்க ஒரு தபால் பெட்டி ஒளிஞ்சிருக்கு!" என்று கூவினாள். அவ்வளவுதான். ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் சும்மா போவார்களா? கையில் கிடைத்த காகிதத்தில் எழுதி எழுதிப் போட்டார்கள். பெரியவள் மறைக்கவும் முடியாமல் விரட்டவும் முடியாமல் முழித்துக்கொண்டு நின்றாள்.

சேதி கண்காணிப்பாளர் காதுக்குப் போனது. இருவரையும் வைத்துக்கொண்டு பூட்டை உடைத்தார். அடியில் கிடந்த பழைய காகிதமெல்லாம் மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. மேலே இருந்த புதுக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ரோஜாவைப் பத்தி ஒரு வரி இல்லை. எல்லாமே உங்க வேலிதான்மா!"

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ கண்ணாடி வீடு எனக்குத்தானே சார்?"

"சொன்னேன், இல்லேங்கலை. ஆனா இவ்வளவு பேர் வாங்கின வேலியை வேற ஆள் கையில எப்படிம்மா குடுப்பேன்? நீங்க அங்கேயே இருங்க. கண்ணாடி வீட்டைச் சின்னவங்க பார்த்துக்கட்டும்." பிறகு கூழைக் காட்டி, "பெட்டி முன்னாடியே கிடைச்சிருந்தா இதுல இந்தக் கூழைத் தவிர என்ன இருந்திருக்கும்? மூப்புப்படி உங்களுக்கே குடுத்திருப்பேன்" என்றார்.

தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் அழுவது? பெரியவள் வேலிக்குத் திரும்பினாள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, அங்க ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கறதில்ல. கூட்டமெல்லாம் உன்கிட்டதான். அத்தைகூட நேத்து உன் பூவைத்தான் கேட்டாங்க. சொன்னா என்ன, எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. நாம மாத்திக்கலாமா? நானே சார்கிட்ட பேசுறேன்."

பெரியவள் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். தெரிந்த முகம்தான். இத்தனை வருஷமாகத் தலை சீவும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம். அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்போல் இருந்தது. முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

"நாற்காலி வசதியா இருக்காடி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்போ நல்லா சாஞ்சு உட்காரு" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள்.