இடக்கண்ணுக்கு ஒரு கேமரா

கராகோல் என்ற ஊரில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் அனார்கானின் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றால் ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு பிரிண்டர். இருபத்து மூன்று வருஷமாக அங்கேதான் இருந்தாள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த முக்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் ஊரைவிட்டுப் போனார்கள். "தொப்பியக் கழட்டுங்க, தாடையத் தூக்குங்க, சிரிக்காதீங்க." நாள் முழுக்க இந்த மூன்றை மட்டுமே சொல்லிவிட்டுக் கடையடைத்த நாட்கள் உண்டு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கேமரா நின்றுபோனது. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. பதினோரு வருஷத்துக் கேமரா. எத்தனை லட்சம் முகம் எடுத்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடிக் கையில் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போதே வேன் ஏறினாள். பாதி வழி ஏரிக்கரையை ஒட்டியே போகும் ஏழு மணி நேரப் பயணம். தலைநகர் பிஷ்கேக்கில் இறங்கும்போது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கணவனின் தங்கை புருல் நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

"என்னண்ணி, கேமரா வாங்க வந்தியா, அடக்கம் பண்ண வந்தியா? மூஞ்சி அப்படி இருக்கு."

"நடடி. இன்னைக்கே முடிச்சிரணும்."

முதல் இரண்டு கடையிலும் புதுசுதான் காட்டினார்கள். தூரத்து மலையைப் பக்கத்தில் இழுக்கும், தண்ணீரில் போட்டாலும் எடுக்கும் என்றார்கள். அனார்கானுக்கு மலையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு முகம் தெளிவாக விழுந்தால் போதும். மூன்றாவது, சந்தைக்குள் பழைய கேமரா விற்கும் ஒரு சின்னக் கடை. எர்னிஸ் என்ற முப்பது வயதுக்காரன் அடுப்பில் சுட்ட இறைச்சிச் சம்சாவைத் தின்றுகொண்டிருந்தான்.

"இதுல ஷட்டர் எத்தனை தடவ அடிச்சிருக்கு?" என்று ஒன்றை எடுத்துக் கேட்டாள் அனார்கான்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒன்பதாயிரம்தான் அக்கா. கம்ப்யூட்டர்ல போட்டே காட்டுறேன்."

லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, தூசிப்புள்ளி தேடினாள். பிறகு புருலைச் சுவரோரம் நிற்கவைத்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள். இடக்கண்ணில். மூக்கு கேமராவின் பின்பக்கத் திரையில் அழுந்தி எண்ணெய்த் தடம் விழுந்தது.

புருல் படத்துக்காகத் தூக்கியிருந்த தாடையை இறக்கினாள். "அண்ணி, நீ வலக்கண்ணுலதான பாப்ப? என் கல்யாணத்துல ஒரு நாள் பூரா இடக்கண்ண மூடிக்கிட்டுத் திரிஞ்ச. மாப்ளையப் பாத்துக் கண்ணடிக்கிறன்னு எங்க அத்தைகூடக் கேட்டாங்களே."

"அது அப்ப."

"இப்ப?"

அனார்கான் கேமராவைக் கீழே வைத்தாள். பொய் சொல்லவும் தெம்பு இல்லை. "வலது தெரியல."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமாச்சு. ஓரத்துலேருந்து மங்கிக்கிட்டே வந்துச்சு. வெளிய தெரிஞ்சா யாருடி வருவா? கண்ணு தெரியாதவகிட்டப் போய் எவனாவது படமெடுத்துக்குவானா?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

புருல் திட்டப்போகிறாள் என்றுதான் அனார்கான் நினைத்தாள். அவளோ கடையிலிருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றாள். எர்னிஸ் எதையும் கேட்காதவன் போல அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடி, வேறொன்றை எடுத்துவந்தான்.

"இதப் பாருங்கக்கா. திரை தனியா வெளிய மடங்கி வரும். கண்ணுல வைக்கவே வேணாம். ஸ்டாண்டுல மாட்டிட்டு, உக்காந்துக்கிட்டே எடுக்கலாம். என்ன, கொஞ்சம் பழசு. முப்பதாயிரம் அடிச்சிருக்கு."

மடியில் வைத்துத் திரையைத் திருப்பினாள். புருலின் முகம் அதில் பெரிதாக, கோபமாகத் தெரிந்தது. கழுத்தை ஒடிக்கவோ மூக்கை அழுத்தவோ தேவையிருக்கவில்லை. இரண்டு வருஷமாக அவள் தன் கழுத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. விலை பேசக்கூட இல்லை, வாங்கிவிட்டாள்.

அன்றே வேனுக்குப் போகப் புருல் விடவில்லை. மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிறுத்தினாள். மூன்று மணி நேரம் கழித்து டாக்டரம்மா சொன்னாள்: கண்ணழுத்தம். வலது போனது போனதுதான். இடதும் அதே வழியில் கிளம்பிவிட்டது; ஆனால் சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போட்டால் நிறுத்திவைக்கலாம். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஆஸ்பத்திரிப் படியில் இருவரும் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். "அழுவியா?" என்று கேட்டாள் புருல். "அசதியா இருக்குடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அனார்கான்.

ஊருக்குத் திரும்பிக் கணவனிடம் அவளே சொன்னாள். அவன் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். விஷயம் மெல்லக் கடைத்தெருவுக்கும் பரவியது. சிலர் அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கே கூட்டம் அதிகம் என்று பாதிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அதன்பின் ஆறு வருஷம் அவள் உட்கார்ந்தபடியே, மடங்கிய திரையைப் பார்த்துப் படமெடுத்தாள். இடதுகண் நின்ற இடத்திலேயே நின்றது.