வா என்றால் வா

மச்சாளின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நீலப் பேனாவால், பெரிய எழுத்தில், டெனிஷ் மொழியில் எழுதியிருந்தார்கள்: ‘இவர் வா என்று சொன்னால், உங்களை வரச் சொல்கிறார்.’ கீழே யாரோ பென்சிலால் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்கள். மேல் வலது மூலையில் ஒட்டுநாடா கழன்று தாள் சுருண்டிருந்தது. அவர் சாகும்வரை அந்த மூலையை யாரும் திருப்பி ஒட்டவில்லை. நானும் ஒட்டவில்லை.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில், டென்மார்க்கில் யூலண்டின் நடுவே இருக்கும் பிராண்டே என்ற சிறு நகரத்துக்கு வந்து இறங்கினார். அப்போது அங்கே ஏழு தமிழ் ஆண்கள் இருந்தார்கள். தமிழ்ப் பெண் என்று ஒருவரும் இல்லை; அவர்தான் முதல். நான் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளனாக இருந்தேன். மூன்று வருடம் கழித்துத்தான் டென்மார்க் வந்தேன். ஆகவே அவருடைய முதல் பனி மாரியை அவர் சொல்லித்தான் அறிவேன். பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட விவரம் மாறியதில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு சாட்சியை நான் கண்டதில்லை.

அண்ணை இருட்டோடு எழும்பி நெசவாலைக்குப் போய்விடுவார். மச்சாள் தனியே. வந்த நான்காம் நாள் சேலையைத் தோய்த்து வெளியே கொடியில் போட்டார். ஒரு மணித்தியாலம் கழித்துப் போய்ப் பார்த்தால் சேலை பலகைபோல் விறைத்து நின்றது. அதை மடிக்கவும் முடியாமல், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக் கிழவி, வயல் வைத்திருந்த ஒரு கமக்காரரின் விதவை, பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஏதோ கேட்டார். கிழவி காதைத் திருப்பி, “வா?” என்றார்.

டெனிஷில் ‘என்ன?’ என்று கேட்பது அப்படித்தான். எழுதும்போது இன்னும் சில எழுத்துகள் உண்டு. பேச்சில் ‘வா’ என்று மட்டும்தான் விழும். மச்சாளுக்கு அது தெரியாது. நான்கு நாளாக எந்தப் பெண்ணும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ஒரு வெள்ளைக்காரக் கிழவி தமிழில் வா என்கிறார். மச்சாள் படலையைத் திறந்துகொண்டு போனார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, விறைத்த சேலையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்தார். பின்னாலேயே வந்த கிழவி திகைத்துப்போய் மறுபடியும் “வா?” என்றார். “வந்திட்டனே அம்மா, இன்னும் எங்கை வர?” என்றார் மச்சாள். கிழவி வேறு வழி தெரியாமல் கோப்பி போட்டுக் கொடுத்தார்.

பின்னேரம் வேலையால் வந்த அண்ணை கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: “அது ‘என்ன’ எண்டு கேக்கிறது. உன்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை.”

இந்த இடத்தில் மச்சாள் எப்போதும் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நானே இதைப் பின்னாளில் இங்கே நாங்கள் நடத்திய சிறு சஞ்சிகையில் ஒரு துணுக்காக எழுதி, படம் போட்டு வெளியிட்டேன். அண்ணை சொன்ன அந்தக் கடைசி வசனத்தை இடம் போதாமல் வெட்டியதும் நான்தான்.

அன்று இரவே மச்சாள் ஒரு கொப்பியில் சொற்களை எழுதத் தொடங்கினார். முதல் பக்கத்தில் முதல் வரி: ‘வா எண்டால் வா இல்லை.’ பிறகு வந்த பெண்கள் எல்லாரும் அந்தக் கொப்பியைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பேறு பார்க்கும் அறையில் ஒரு பக்கம் தாதி நிற்பார், மறுபக்கம் மச்சாள் நிற்பார். ‘முக்கு’ என்பதற்கு டெனிஷ் சொல்லை அவர் அறைக்கு வெளியே இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போவாராம். இங்கத்தைய ரை என்ற கறுப்புத் தானிய மாவில் புட்டு அவித்துப் பார்த்து, அது களிமண்ணாக வந்ததை மற்றவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்ததும் அவர்தான். சேலைக்குக் கீழே அண்ணையின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு பனியில் சைக்கிள் பழகினார். விழுந்த இடங்களை எனக்குக் காட்டியிருக்கிறார்.

பின்னாளில் அவர் ஒரு நூலகத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே ஒரு பழைய புகைப்படம் தொங்கியது. அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நூறு வருடத்துக்கு மேல் இருக்கும், அமெரிக்காவின் புல்வெளிக்குக் குடியேறி, மண்கட்டியால் கட்டிய வீட்டின் முன் நிற்கிறாள். சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லை. அவள் அங்கே டெனிஷில் எழுதிவைத்த கடிதக் கட்டைப் பேரப்பிள்ளைகள் வாசிக்க முடியாமல் இங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நூலகப் பெண் மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் நான் போயிருந்தபோது மச்சாள் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாரும் தம்பி, என்னை மாதிரித்தான் போயிருக்கிறா. கடைசி காலத்திலை ஆரோடை கதைச்சிருப்பா?” நான் அந்தக் கேள்வியைச் சஞ்சிகைக்கு நல்ல தலைப்பு என்று மட்டும் நினைத்தேன்.

அவருக்கு ஒரே மகள். குழந்தை பேசப் பிந்தியபோது, வீட்டுக்கு வந்துபோன தாதி ஒருவர், வீட்டிலும் டெனிஷிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடுவாள் என்றார். அந்தக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சிலர் தலையாட்டிவிட்டுத் தமிழிலேயே பேசினார்கள். மச்சாள் சொன்னதைச் செய்கிறவர். கொப்பியில் எழுதிப் படித்த டெனிஷால் மகளைத் தாலாட்டினார், ஏசினார், கொஞ்சினார். மகள் நன்றாகப் படித்து ஓகூஸ் நகரத்தில் பொறியியலாளர் ஆனாள். என்னோடு பேசும்போது ‘சித்தப்பா’ மட்டும் தமிழ். மிச்சம் எல்லாம் டெனிஷ்.

அண்ணை செத்து இரண்டு வருடத்தில் மச்சாளுக்கு மறதி நோய் வந்தது. பின்னால் படித்த மொழி முன்னால் போகும் என்று டாக்டர் சொன்னார். போனது. கடைசியில் தமிழ் மட்டும் மிஞ்சியது; அதிலும் கொஞ்சச் சொற்கள். பிராண்டேயிலிருந்து அரை மணி கார் ஓட்டத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நல்ல இடம். சுத்தம், சூடு, யன்னலுக்கு வெளியே வெள்ளைப் பட்டைப் பூர்ச்சமரம். தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை.

நான் இருப்பது தூரத்தில், தலைநகரப் பக்கம், புரொண்பியில். முழங்கால் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் ஐந்து மாதம் போகவில்லை. தொலைபேசியில் மகள் சொன்னாள்: “சித்தப்பா, அம்மாவுக்குக் காது போய்விட்டது. எது சொன்னாலும் வா, வா என்று கேட்கிறார். எல்லாரும் பலமாகத்தான் பேசுகிறோம்.” வயது போனால் அப்படித்தான் என்றேன். அந்தத் துணுக்கை எழுதியவன் நான். ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

காதைச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று டெனிஷில் சொன்னால் அவர் எப்படித் தூக்குவார்? முடிவு தெளிவில்லை என்று எழுதி, இரண்டு காதுக்கும் கருவி மாட்டினார்கள். மச்சாள் பிடுங்கி எறிந்தார். பொறுமையாகத் திரும்ப மாட்டினார்கள்.

கடைசியில் நான் போன அன்று மகளும் இருந்தாள். கதிரை கதவடியில் இருந்தது. அவள் அங்கேயே இருந்து தாயிடம் டெனிஷில், மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். மச்சாள் அவளைப் பார்த்து “வா” என்றார். மகள் அதே கேள்வியை உரத்துக் கேட்டாள். மச்சாள் போர்வைக்கு மேல் ஒரு கையை விரித்து வைத்து, மறுபடியும் “வா” என்றார். மகள் இன்னும் உரத்துக் கேட்டாள். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார்.

மகளுக்கு ‘வா’ என்ற தமிழ்ச் சொல் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் தாயின் வாயிலிருந்து அவளை நோக்கி அது ஒருநாளும் தமிழாக வந்ததில்லை.

அம்மா உன்னைக் கூப்பிடுகிறார் என்று நான் சொன்னேன். மகள் எழும்பிப் போய்க் கட்டிலில் இருந்தாள். பராமரிப்பாளர்களிடமும் சொன்னேன். அவர்களில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே அந்தத் தாளை எழுதி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரும் நேரே கட்டிலடிக்குப் போனார்கள், கையைப் பிடித்தார்கள், பக்கத்தில் இருந்தார்கள். மச்சாள் அவர்களை யார் என்று பார்ப்பதுபோல் பார்த்தார். வா என்று மட்டும் அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மகள் தன் வேலையில் விடுப்பு எடுத்து நாள்முழுதும் இருந்து பார்த்தாள். நான்கு மாதத்தில் மச்சாள் போய்விட்டார்.

அறையை ஒழிக்கிற நாளில் மகளும் நானும்தான். கருவிகள் இரண்டும் ஒரு சிறு பெட்டிக்குள் இருந்தன. அவள் பெட்டியை மூடிவிட்டு, என்னைப் பாராமல் கேட்டாள்: “சித்தப்பா, அம்மாவுக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருந்ததா?”

“ஓம், கொஞ்சம்,” என்றேன்.

“எந்தக் காது?”

“இடது.”

உறுதிப்படுத்தாத ஒன்றை நான் அச்சுக்கு விட்டதில்லை. இதை மட்டும் அப்படியே சொல்லிவிட்டு மச்சாளின் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டேன். வெளியே மழை தொடங்கியிருந்தது. கார் தூரத்தில் நின்றது. மகள் கட்டிலில் ஏறி முழங்காலில் நின்று, சுருண்டிருந்த அந்த மூலையைப் பிடித்துத் தாளை மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். நாடா சுவர்ப் பூச்சையும் கொண்டு வந்தது.

“வா,” என்றேன் கதவடியில் நின்று.

அவள் தாளைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். “வா?” என்று கேட்டாள்.

நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.