27-ஆம் படத்தைப் பார்க்க

1. ஆஸ்பத்திரி

நான் பொறுப்பேற்ற அன்று என் பிரிவுக்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் அறை இருந்தது, ஒரு கரும்பலகையும் இருந்தது. மாணவர்கள்தான் இல்லை.

அறுபதுகளின் முற்பகுதி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் கணித டியூட்டராக இருந்தேன். ஒருநாள் பிரின்சிபால் கூப்பிட்டு, புதிதாகத் தொடங்கும் டியூட்டோரியல் பிரிவுக்கு நான்தான் தலைவர் என்றார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருந்தது. காலாண்டுத் தேர்வில் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள்.

“பாடம் நடத்தறது புரொஃபசருங்க வேலை. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தறது உங்க வேலை. பப்ளிக் பரீட்சைக்குள்ள எனக்கு வித்தியாசம் தெரியணும்” என்றார் பிரின்சிபால்.

வேதியியல் துறையின் பழைய சாமான் அறையை ஒதுக்கித் தந்தார்கள். சுவரிலிருந்து அமில நெடி போகவே இல்லை. நான் ஒழுங்கை விரும்புகிறவன். பெஞ்சுகளைச் சுவருக்கு இணையாகப் போடச் செய்தேன். நீல மையில் நேர அட்டவணையும் சிவப்பு மையில் விதிகளும் எழுதி ஒட்டினேன். காலாண்டில் விழுந்தவர்களின் பெயர்களை நோட்டீஸ் போர்டில் போட்டேன். அந்தக் கடைசிக் காரியம் போதும், யாரும் வராமல் இருக்க. பெயர் வந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பிரிவுக்கு ஆஸ்பத்திரி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பியூனை அனுப்பிக் கூட்டிவரச் செய்தபோது முதலில் நுழைந்தவன் பழனிச்சாமி. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரன், ஹாஸ்டலில் தங்கியிருந்தான். வாசலிலேயே நின்று, “ஏனுங்க சார், என்னை உள்நோயாளியா சேர்த்திருக்கீங்களா, வெளிநோயாளியாங்க?” என்று கேட்டான்.

“உட்காருப்பா. முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்” என்றேன்.

அவன் பின்னால் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் வெள்ளைச்சாமி. சாணார்பட்டிக்கு அருகில் ஒரு கிராமம். பஸ்ஸில் வந்து போகிறவன். அப்பா விவசாயி. அவன் வாயைத் திறந்தே நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மாலை நடத்தினேன். பேராசிரியர் வகுப்பில் நடத்தியதையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக நடத்தினேன். முடிவில் “புரிஞ்சுதா?” என்பேன். “புரிஞ்சுது சார்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். சனிக்கிழமை ஒரு சின்ன டெஸ்ட் வைப்பேன். வெள்ளைத்தாளைத்தான் திருப்பித் தருவார்கள். வெள்ளைச்சாமி மட்டும் பக்கம் பக்கமாக எழுதித் தருவான். கேட்ட கேள்விக்கும் எழுதிய பதிலுக்கும் சம்பந்தம் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது.

2. சபாபதி சாரின் விடைத்தாள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் பிரின்சிபால் அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே கணிதத் துறைத் தலைவர் சபாபதி சார் ஒரு விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். பாடத்தில் கெட்டிக்காரர், கோபக்காரர், நேர்மையானவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்.

“உங்க ஆஸ்பத்திரி கேஸ் இது. படிச்சுப் பாருங்க” என்று தாளை நீட்டினார்.

வெள்ளைச்சாமியின் தாள். கேள்வி, PQR என்ற முக்கோணத்துக்கு சைன் விதியை நிறுவச் சொல்லியிருந்தது. அவன் PQR-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. ABC என்றே தொடங்கிப் பாடப்புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். முதல் வரியின் முடிவில், புத்தகத்தில் உள்ளபடியே, ‘27-ஆம் படத்தைப் பார்க்க’ என்ற ஆங்கில வாசகமும் இருந்தது. அவன் தாளில் படமே இல்லை.

“எதிர்ல புத்தகம் இல்லாம எவன் இதை எழுதுவான்? மடியில வெச்சுக்கிட்டு அப்படியே இறக்கியிருக்கான். இன்விஜிலேட்டர் தூங்கியிருக்கார்” என்றார் சபாபதி சார்.

“மால்பிராக்டிஸ்னா டி.சி. கொடுத்து அனுப்பறதுதான் வழக்கம். உங்க பையன், நீங்க என்ன சொல்றீங்க?” என்று பிரின்சிபால் என்னைக் கேட்டார்.

எனக்கும் நிச்சயமாக எதுவும் தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளைச்சாமி வந்து மேஜைக்கு நாலடி தள்ளி நின்றான். “காப்பி அடிச்சியா?” என்று பிரின்சிபால் கேட்டதற்கு, “இல்ல சார்.” “அப்ப மனப்பாடமா?” தலையை ஆட்டினான். “எங்க, சொல்லு பார்ப்போம்.” உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சபாபதி சார் என்னைப் பார்த்த பார்வைக்கு வார்த்தை தேவைப்படவில்லை.

“நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா” என்றார் பிரின்சிபால்.

3. கமலைப் பாட்டு

மறுநாள் அப்பாவும் மகனும் வந்தார்கள். கறுத்து மெலிந்த மனிதர். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அய்யா, எங்க வம்சத்துல களவாண்டவன்னு ஒருத்தன் இல்ல. இவன் என்னத்த களவாண்டான்னு சொன்னீகன்னா எனக்கும் தெரியும்” என்றார்.

“களவு இல்லைங்க. புத்தகத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருக்கான்னு சந்தேகம்” என்று பிரின்சிபால் பொறுமையாக விளக்கினார். அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும், தாளை எடுத்து முதல் வரியை ஆங்கிலத்தில் வாசித்தார். “லெட் ஏபிசி பீ அன் அக்யூட் ஆங்கிள்டு ட்ரையாங்கிள்...”

அந்த மனிதரின் முகம் சட்டென்று தெளிந்தது.

“சீ பிகரு ட்வண்டி செவனு” என்றார்.

பிரின்சிபால் தாளைக் கீழே வைத்தார். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெனம் இதத்தான அய்யா கேக்குறேன்! விடியங்காட்டி நான் மாடு கட்டிக் கமலையில தண்ணி எறைக்கையில கெணத்து மேட்டுல உக்காந்துக்கிட்டுக் கத்துவான். மாடு வாரிச் சரிவுல எறங்கையில ‘லெட் ஏபிசி’ன்னு எடுப்பான். பின்னால ஏறி வாரப்ப ‘ட்வண்டி செவனு’ம்பான். அம்புட்டு நாளாக் கேட்டதுல எனக்கே பாதி வந்துருச்சு. எங்க மாடு ரெண்டும் வந்து பரிச்ச எழுதிப்புடும் அய்யா.”

பிரின்சிபால் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபாபதி சார் சிரிக்கவில்லை.

“காப்பி இல்ல. என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா சார், இது அதைவிட மோசம். காப்பி அடிக்கிறவனுக்காவது எந்தப் பக்கத்தைப் பார்க்கணும்னு தெரியுது. இவனுக்கு அதுவும் தெரியாது. இவன் பேரை எப்படி நான் பப்ளிக் பரீட்சைக்கு அனுப்புவேன்?”

அதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஹால் டிக்கெட்டுக்குப் பெயர் அனுப்பும் முன், அவன் கரும்பலகையில் PQR-ஐ வைத்து சைன் விதியை நிறுவ வேண்டும். சபாபதி சார் பார்த்துத் திருப்தி அடைந்தால் பெயர் போகும். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

அப்பா என்னிடம் தனியாக வந்தார். “அடுத்த வருசம்னு ஒண்ணு இல்ல சார். ஒரு வருசத்துக்குத்தேன் என்னால ஆகும். நெலத்துல ஆளு பத்தல. இது தவறுச்சுன்னா அவன் கமலைக்கு வந்துரட்டும்.” குரலில் வருத்தமோ மிரட்டலோ இல்லை. விதைப்புக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

4. அலமாரியில் புத்தகம்

அன்று மாலை நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். புரியாதபோது ஏன் புரிந்தது என்று சொல்கிறீர்கள்?

கடைசி பெஞ்சிலிருந்து வெள்ளைச்சாமி எழுந்தான். “நீங்க இம்புட்டு நேரம் தொண்ட கட்ட நடத்திப்புட்டுக் கேக்குறீக சார். இல்லைன்னு சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல?”

“அதுவுமில்லாம, இல்லைன்னா மறுபடியும் நடத்துவீங்க சார். பஸ்ஸு போயிருமுங்க” என்றான் பழனிச்சாமி.

“உனக்கு எதுக்குடா பஸ்ஸு, நீ ஹாஸ்டல்தான?” என்றது ஒரு குரல்.

“ஹாஸ்டல்ல சோறு போயிருமுங்க.”

சிரிப்பு அடங்கிய பிறகும் வெள்ளைச்சாமி சொன்னது எனக்குள் நின்றது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. மரியாதை செய்தார்கள். விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி வைக்கவா என்று கேட்டால், பசி இருந்தாலும் போதும் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள். ஆசிரியர் கேட்கும்போதும் போதும் என்றார்கள். நான் எவ்வளவு அழகாக நடத்தினாலும் அந்தப் பதில் மாறாது. நடத்தும் திறமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

சிவப்பு மை விதிகளைக் கிழித்தேன். நோட்டீஸ் போர்டில் இருந்த பெயர்களையும் எடுத்துவிட்டேன். புது ஏற்பாடு இதுதான்: நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஒருவன் பலகைக்குப் போய் இன்னொருவனுக்குத் தமிழில், வீட்டில் பேசுவதுபோல, பாடத்தைச் சொல்ல வேண்டும். கேட்கிறவன் உண்மையாகவே விளங்கும்வரை தலையாட்டக் கூடாது. ஆசிரியரிடம் சொல்லக் கூசுவதைக் கூட்டாளியிடம் சொல்லக் கூச்சம் இருக்காது என்று நினைத்தேன். வெள்ளைச்சாமிக்கு எதிரே பழனிச்சாமியை உட்கார வைத்தேன். வெள்ளைச்சாமியின் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

முதல் நாள் அவனால் ஆரம்பிக்கவே முடியவில்லை. “புத்தகம் இல்லாம மொத வரி வர மாட்டேங்குது சார்” என்றான். ‘லெட்’ என்று தொடங்கினால்தான் மீதி வருகிறது. தமிழில் அதற்குச் சமமான ஓசை இல்லை. இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் முக்கோணத்தைப் போட்டு, Q என்ற முனைக்கு எதிரே உள்ள பக்கத்தில் q என்று எழுதினான்.

“எனக்கு வெளங்கலீங்க. அந்த முனை அங்க இருக்குது. அதோட பேரை எதுக்குங்க இந்தப் பக்கத்துக்கு வெக்கறீங்க?” என்றான் பழனிச்சாமி, மிகப் பணிவாக.

வெள்ளைச்சாமி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அந்த எழுத்துகளை ஆயிரம் முறை எழுதியிருப்பான். இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு சொன்னான்: “எங்க ஊருல ஒரு சந்து இருக்கு. அதுக்கு எதுத்தாப்புல எவன் வீடோ, அவன் பேருதேன் சந்துக்கு. அது மாதிரி வெச்சுக்கிருவோம்.”

“அப்ப வீட்டை மாத்துனா?”

“சந்து பேரும் மாறும்.” சொல்லிவிட்டு, ABC-யாக இருந்தால் என்ன, PQR-ஆக இருந்தால் என்ன என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அந்த வருஷத்தில் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது.

5. பலகை முன்னால்

குறித்த நாளில் பிரின்சிபாலும் சபாபதி சாரும் எங்கள் அறைக்கு வந்தார்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லட்டும் என்று நான் கேட்டேன். “காலேஜுல தமிழ்ல கணக்கா?” என்று சபாபதி சார் முகம் சுளித்தார். பிரின்சிபால், “எழுதறது இங்கிலீஷ்ல இருக்கட்டும். பேசறது எப்படி வேணா பேசட்டும்” என்றார்.

வெள்ளைச்சாமி PQR வரைந்தான். மூன்று கோணமும் கூர்ங்கோணமாக உள்ள முக்கோணத்தை நிதானமாக முடித்தான். செங்குத்து உயரத்தை இரண்டு வழியில் எழுதி, இரண்டும் ஒன்றே என்று சமப்படுத்திக் காட்டினான். சபாபதி சார் ஒரு தலையசைப்புச் செய்தார்.

அடுத்தது, R விரிகோணமாக உள்ள முக்கோணம். செங்குத்து வெளியே விழுந்தது. QR கோட்டை நீட்டினான். வெளிக்கோணத்தை 180 கழித்தல் R என்று எழுதினான். அதன் சைன், R-இன் சைனுக்குச் சமம் என்று எழுத வேண்டிய இடம். நான் அறிந்தவரை அந்த வரி அவனுக்கு மனப்பாடம். எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள், பெயர் போயிருக்கும்.

சாக்பீஸைப் பிடித்தபடி நின்றான்.

“என்னப்பா?” என்றார் சபாபதி சார்.

“இந்த எடம் எனக்கு வெளங்கல சார். என்ன எழுதணும்னு தெரியும். ரெண்டு வேற வேற கோணத்துக்கு சைன் எப்படி ஒண்ணாகும்னு தெரியல.”

பின்னால் பெஞ்சில் பழனிச்சாமி, “கெட்டுதுங்க” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

“இதை நான் ஆரம்பத்துலயே கிளாஸ்ல நடத்தினேனே!” என்றார் சபாபதி சார்.

“நடத்துனீக சார். அன்னைக்கும் வெளங்கல.”

சபாபதி சார் எழுந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். பலகைக்குப் போய் அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி ஒரு வட்டம் போட்டார். மையத்திலிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் அதே சாய்வில் ஒரு கோடு. இரண்டு நுனியிலிருந்தும் கீழே செங்குத்து இறக்கினார். “உயரத்தைப் பாரு. ரெண்டும்?”

“ஒண்ணு.”

“அவ்வளவுதாம்ப்பா.” குரல் தணிந்திருந்தது. சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளைச்சாமி மீதியை முடித்தான்.

சபாபதி சார் உட்காரவில்லை. “இத்தனை வருஷத்துல என் கிளாஸ்ல ஒருத்தன்கூட இப்படிச் சொன்னதில்ல” என்று பொதுவாகச் சொன்னார். பிறகு அவனிடம், “வேற எங்கெல்லாம் வெளங்கல?” என்றார்.

வெள்ளைச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். பிரின்சிபால் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். சபாபதி சார் பஸ் நேரம் வரைக்கும் இருந்தார். போகும்போது என்னிடம், “பேரை அனுப்பிடுங்க” என்றார்.

வெள்ளைச்சாமி அந்த வருஷம் கணிதத்தில் தேறினான். ஆங்கிலத்தில் விழுந்து செப்டம்பரில் எழுதித் தேறினான். அந்த இடைப்பட்ட மாதங்களில் காலையில் அப்பாவோடு கமலை இறைத்துவிட்டு, மாலையில் என் அறைக்கு வந்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, முன்பு பழனிச்சாமி செய்த, விளங்கவில்லை என்று சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டான்.

பின்னால் என் பிரிவுக்குப் பல டியூட்டர்கள் வந்தார்கள். நன்றாகப் படித்தவர்கள், என்னைவிட நன்றாக நடத்துகிறவர்கள். அட்டவணையையும் தேர்ச்சிக் கணக்கையும் கேட்காமலே கொண்டுவந்து காட்டுவார்கள். நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை பேர் உங்களிடம் தெரியவில்லை என்று சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை என்று பெருமையாகப் பதில் சொன்னால், அப்படியானால் இன்று வகுப்பு நடக்கவில்லை, நாளைக்கு மறுபடியும் ஆரம்பியுங்கள் என்பேன்.