ஊர் பேரை எடுக்காதவர்

1958 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலை. ஆம்பூர் ஸ்டேஷனில் முனீர் பாஷா மெட்ராஸ் ரயில் ஏறினார். வயது இருபது. அப்பாவின் தோல் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுக்க வேண்டிய நாளில் எடுக்காமல், வேலூருக்குப் படம் பார்க்கப் போனவர், தோஸ்த் வீட்டிலேயே நாலு நாள் தங்கிவிட்டார். வந்து பார்த்தால் நாற்பது தோலும் நைந்து கிடந்தது. அவருடைய அப்பா லத்தீஃப் பாஷா, வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

ரயில் நகரும்போது தம்பி வாஹித் பாஷாவிடம் முனீர் சொன்னது ஒன்றே ஒன்று.

"செத்தாலும் இனிமே இந்த ஊர் பேரை எடுக்க மாட்டேன்டா."

பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார் என்று மறுமாதம் யாரோ வந்து சொன்னார்கள். அதோடு சரி. ஒரு கடிதாசி கூட வரவில்லை.

அந்தத் தம்பிக்கு இப்போது எண்பத்து நாலு வயது. மகள் கௌசரோடு இருக்கிறார். அண்ணன் பேச்சை யாராவது எடுத்தால், "அவன் வேணாம்னு போனவன்" என்று எழுந்து போய்விடுவார். ஆனால் பெருநாள் தொழுகை முடிந்ததும் அண்ணனுக்காகத் தனியாக ஒரு துஆ கேட்பார். கௌசருக்கு அது தெரியும். அண்ணன் நிஜமாகவே நம்மையெல்லாம் வெறுத்துவிட்டாரா என்பது அப்பாவை அறுபத்தேழு வருஷமாக அரிக்கிறது என்பதும் தெரியும்.

கௌசருக்கு ஷூ கம்பெனியில் தோல் பார்க்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. வெளிச்சத்தில் பிடித்தால் போதும், உண்ணி கடித்த தடம், முள் கிழித்த கோடு எல்லாம் அவர் விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். அவர் ஒதுக்கிய தோலை மேனேஜர் கூடத் திருப்பி வைக்கத் துணியமாட்டார். பழைய கப்பல்களின் பயணிகள் பட்டியலைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த விரல் போனுக்குத் தாவியது.

பட்டியலில் குடும்பப் பெயர் வரிசையில்தான் தேட முடிந்தது. 'பாஷா' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்தார்கள், முனீர் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இல்லை. மூன்று மாதம் சாப்பாட்டு வேளையெல்லாம் இதிலேயே போனது.

"அம்மி, கப்பல்லயும் குவாலிட்டி செக்கா?" என்று மகள் மெஹக் கிண்டலடித்தாள்.

அந்தக் கேள்விதான் வழி காட்டியது. தோலை யாராவது பெயர் வரிசையில் பார்ப்பார்களா? ஒவ்வொன்றாகப் புரட்டித்தானே பார்க்க வேண்டும்! கௌசர் தேடும் பெட்டியை விட்டுவிட்டு, அந்த பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மெட்ராஸிலிருந்து பினாங்கு போன கப்பல்களின் தாள்களை முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது. வயது இருபது. தகப்பனார் லத்தீஃப். தொழில், தோல் பதனிடுதல். பெயர் முனீர் பாஷா. குடும்பப் பெயர்க் கட்டத்தில், ஆம்பூர்.

நம் ஊர்க்காரனுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஷா என்பது பேரோடு ஒட்டியது. மற்றபடி இருப்பது அப்பா பெயர், அதற்கொரு இனிஷியல். குடும்பப் பெயர் என்னவென்று கேட்டதும் மனுஷன் ஊரைச் சொல்லியிருக்கிறார்.

வாஹித் பாஷா அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"பேரை எடுக்க மாட்டேன்னவன் பேராவே எடுத்துக்கினானா?"

மெஹக் சும்மா இருக்கவில்லை. குமாஸ்தா கட்டம் மாற்றி எழுதியிருப்பார், ஊர் எது என்று கேட்டதற்குத்தான் பெரிய தாத்தா பதில் சொல்லியிருப்பார் என்றாள். கிழவரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் மனசா, குமாஸ்தா கைப்பிழையா? கப்பல் தாள் அதற்குமேல் பேசவில்லை.

அந்தத் தாளின் படத்தோடு, இவர் வீட்டார் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு, பினாங்குக் குடும்பங்கள் பற்றிய ஒரு இணையக் குழுவில் கௌசர் எழுதிப் போட்டார். ஒரு வாரம் பார்த்தார், ஒரு மாதம் பார்த்தார். மழைக்காலம் போய், பெருநாளும் வந்துபோனது.

எட்டாம் மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் சிணுங்கியது. ஆங்கிலத்தில் இருந்ததை மெஹக் தமிழில் சொல்லச் சொல்ல, வாஹித் பாஷா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என் பெயர் மஹீன் ஆம்பூர். முனீர் பாஷாவின் பேத்தி. தாத்தா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் முப்பத்தொரு பேர் இருக்கிறோம், எல்லாருக்கும் கடைசிப் பெயர் ஆம்பூர். அடையாள அட்டை எடுக்கும்போது, இது தப்பாகப் பதிவாகியிருக்கிறது, திருத்தட்டுமா என்று ஆபீசில் கேட்டார்களாம். கை வைக்கக் கூடாது என்று தாத்தா சண்டை போட்டிருக்கிறார். அர்த்தம் கேட்டால் மட்டும் சொல்லமாட்டார், சிரிப்பார். நீங்கள் எழுதியதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லாரும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆம்பூர் என்று நிஜமாகவே ஒரு ஊர் இருக்கிறதா?"