பாலனுக்கு ஒரு கம்பளி

ஆட்டு மயிர் நாத்தம் எப்படி இருக்கும்னு கருவாட்டுக்காரி சொல்றேன், கேட்டுக்கங்க. பாம்பன் பக்கம் கருவாடு காயப்போட்டு விக்கிறவ நான், பேரு யாகப்பம்மாள். நெத்திலி, வாளை, திருக்கைன்னு எல்லா நாத்தமும் இந்த மூக்குக்குப் பழக்கம். திருக்கைக் கருவாட்டு மேல தலை வச்சுத் தூங்கச் சொன்னாலும் தூங்கிருவேன். அந்த மயிர் மூட்டையை அவுத்த அன்னைக்கு நான் வாசலைத் தாண்டி ஓடிட்டேன்.

அவுத்தது எங்க வீட்டுக்காரரு சந்தியாகு. மீசை முளைச்ச நாள்லருந்து கடல்ல கெடந்த மனுசன். முட்டி தேஞ்சு போச்சு, படகுல நிக்க முடியலை, வீட்டுல உக்காந்துட்டாரு. உக்காந்தவரு சும்மா உக்காரக் கூடாதா? மகள் ஆன்சி குடுத்த செல்போன்ல, எந்த நாட்டுக்காரியோ ஆட்டு மயிரை நூலாத் திரிச்சு சுவெட்டர் பின்றதைப் பாத்துட்டாரு. வலை பின்னுன கைதானே, இதையும் பின்னிருவோம்னு ஆரம்பிச்சாரு. இந்த வேக்காட்டுல பனியன் போட முடியலை, இவருக்குக் கம்பளி கேக்குது. கருமம்.

நம்ம பக்கத்து ஆட்டுக்கு இருக்கறது கட்டை மயிருதான், நூலுக்கு ஆகாதாம். உத்தரகோசமங்கைப் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு ஆட்டுக்காரர்கிட்ட, மேக்கருந்து வாங்குன சடை ஆடு சிலது இருக்குன்னு கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் உரச்சாக்கு நிறைய அள்ளிட்டு வந்தாரு. பிரிச்சுப் பாத்தா மயிரு பாதி, புழுக்கை பாதி. உண்ணி ஒண்ணு என் கால்ல ஏறுச்சு. அதோட விட்டாரா? சிக்கெடுக்க என் தலைச் சீப்பைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அந்தச் சீப்பைக் குப்பையில எறிஞ்சுட்டு வேற வாங்குனேன்.

வலையில கட்டுற ஈயக்குண்டைக் குச்சியில செருகி நூல் திரிக்கிற தக்கிளி ஆக்கினாரு. சைக்கிள் கம்பியைத் தேச்சு ஊசி ஆக்கினாரு. பகல் பூரா அந்தக் குண்டு சுத்திக்கிட்டே கெடக்கும், இவரு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. கையெல்லாம் ஆட்டுப் பிசுக்கு. அந்தக் கையோட சோத்துல கை வைப்பாரு. நான் தட்டைத் தூக்கிக்கிட்டு வாசல்ல போய் உக்காந்து தின்பேன்.

எதுக்குய்யா இந்த அசிங்கம்னு ஒருநாள் பொறுக்க மாட்டாமக் கத்துனேன். அப்பத்தான் சொன்னாரு. எங்க ஊர்ல கடலுக்குப் போறவுக கிறிஸ்துமஸ் குடில்ல பாலன் ஏசு காலடியில ஏதாவது கொண்டு போய் வைப்பாக. சங்கு, புது வலைத்துண்டு, படகு பொம்மை, எதுவானாலும் சரி. முட்டி போனதுலருந்து இவரு வெறுங்கையோட போய் நின்னுருக்காரு.

"என் கையிலருந்தும் ஒண்ணு அங்கன போகணும் புள்ள. பாலனுக்கு ஒரு போர்வை."

அன்னைலருந்து கத்துறதை விட்டுட்டு மூக்கைப் பொத்திக்கிட்டேன்.

பின்னி முடிச்சதும் துவைச்சாரு. எங்கன? கடல்ல. வலையைக் கடல்ல அலசுன ஆளு, படகைக் கடல்ல கழுவுன ஆளு, வேற எங்கன போவாரு? நல்ல தண்ணி எங்களுக்கு லாரியில வருது, குடிக்கவே பத்தாது. எனக்கும் ரோசனை ஓடலை. உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்குமா? பிசுக்கு அப்படியே இருந்துச்சு, கூட உப்பும் ஏறிக்கிச்சு. வெயில்ல காஞ்சதும் நாத்தம் அடங்குன மாதிரி இருக்கவும் ரெண்டு பேரும் ஏமாந்து, கிறிஸ்துமஸுக்கு மொத நாளே பாலன் மேல போர்த்திட்டு வந்துட்டோம்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடிஞ்சதுலருந்து மழை. உப்பேறுன கம்பளி ஈரத்தை இழுத்துக்கிட்டு சொதசொதன்னு ஆயிப்போச்சு, அடங்குன நாத்தமும் எந்திரிச்சிருச்சு. காலைப் பூசை முடிஞ்சு பாலனை முத்தி செய்ய, அதான் முத்தம் குடுக்க, வரிசை நிக்குது. முத்தி செய்யணும்னா குனியணும், குனிஞ்சா மூக்கு நேரே போர்வையில. மொதல்ல ஒருத்தி மூஞ்சியைச் சுளிச்சா. அடுத்தவன் கிடா நாத்தம்னு சிரிச்சான். குடில் ஜோடிச்ச சகாயவினோத் வந்து, செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல தூக்கி, தெர்மாகோல் மலைக்குப் பின்னாடி வீசுனான். வரிசையில நின்ன எங்க வீட்டுக்காரரு பாத்துட்டாரு. வரிசையை விட்டு விலகி நொண்டிக்கிட்டே வெளிய போயிட்டாரு.

எனக்கு அதுவரைக்கும் இருந்த அருவருப்பெல்லாம் ஆட்டை விட்டுட்டு ஆளுங்க மேல திரும்பிருச்சு. சீ! யாரு இவுகள்லாம்? நண்டு உடைக்கிறவுக, மீன் அறுக்கிறவுக. மூக்கைப் பொத்துன அத்தனை கையிலயும் கவிச்சி. இவுகளுக்கு ஆடு நாறுதாம்.

"ஏலே வினோத்து, இந்தப் புள்ள பொறந்தது ஆஸ்பத்திரியிலயா, ஆடு மாடு கட்டுற கொட்டில்லயா?"ன்னு கேட்டேன். நானே குனிஞ்சு கம்பளியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டு வந்துட்டேன்.

சனவரி மொத வாரம் வர்ற மூணு ராசா திருநாள் வரைக்கும் குடிலைப் பிரிக்க மாட்டாக. மறுநாளே குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணியை அண்டாவுல கவுத்துச் சீயக்காயைப் போட்டு அலசுனேன். தண்ணி சாக்கடையா ஓடுச்சு. ஓங்கரிச்சுக்கிட்டே அலசுனேன். இவரு பக்கத்துல உக்காந்து, முறுக்கிப் பிழியாத புள்ளன்னு மட்டும் சொன்னாரு.

திருநாளன்னைக்கு நானே கொண்டு போய்ப் பாலனுக்குப் போர்த்துனேன். யாரும் தடுக்கலை. வரிசையில வந்த எங்க வீட்டுக்காரரு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெல்லக் குனிஞ்சாரு, முத்தி செஞ்சாரு, நிமிர்ந்து என்னையப் பாத்தாரு. மயிரோடயே கெடந்த மூக்கு, அவருக்கு ஒண்ணும் தெரியலை.

"இப்ப நாத்தம் இல்லைல்ல?"ன்னு காதோட கேட்டாரு.

எனக்கு அப்பவும் அடிச்சுது, அதே கிடா நாத்தம்.

"சீயக்காய்தான் மணக்குது"ன்னேன்.