தொண்ணூறைத் தாண்டியபோது எழுந்தவர்

இன்று தேக்கா காப்பிக்கடையில் இருந்தது நான், தோழி லட்சுமி, கப்பல் பட்டறை செந்தில், என் கொழுந்தன் முருகேசு.

தொலைக்காட்சியில் அந்த அதிரடி கிரிக்கெட் ஆட்டக்காரர் ஓய்வை அறிவித்து அழுதார்.

"நாட்டுக்காக ஒரு நூறுகூட அடிக்காம போறாரே லா," என்றான் செந்தில்.

அடித்திருப்பார். அவருடைய கடைசி ஆட்டத்தை எங்கள் ஈசூன் வீட்டில் பார்த்தோம். தொண்ணூறைத் தாண்டியதும், "யாரும் இடத்தை விட்டு எழுந்திரிக்கக் கூடாது" என்றேன். முருகேசு தேத்தண்ணி கலக்க எழுந்தார். அடுத்த பந்தை ஆட்டக்காரர் தூக்கி அடித்தார், கேட்ச். பிறகு அவரை அணியில் எடுக்கவே இல்லை.

"என் தேத்தண்ணியாலயா அண்ணி அவுட்டானாரு?" என்று இன்றும் சிரிக்கிறார்.

அந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு ஓட்டமாகத் தட்டி நூறை எட்டியிருக்கலாம்தான். அப்படித் தட்டுகிறவர் என்றால் நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்திருப்பேனா? அவரை மன்னித்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் அன்று எழுந்தது யார்? எங்கள் வீட்டில் முருகேசு. மன்னிக்கவே மாட்டேன்.