களிமண்ணில் மிளகாய்

மண் விற்கும் யார்டில் ஒரு பெண் என் டிரெய்லரில் மேல்மண்ணைக் கொட்டினாள். அந்த ஈர வாசனையில், தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த கிளென்ஃபீல்ட் வீட்டின் பின்வளவு நினைவுக்கு வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அப்பா ஊரில் செய்ததுபோலவே நிலத்தைத் தாழ்த்தி, வரம்பு கட்டி, வாங்கிய மண்ணைப் போட்டு மிளகாய் நட்டார். அடியில் களிமண். மழைத்தண்ணீர் வற்றாமல் கன்றுகள் அழுகின.

மறுபடியும் மண் வாங்க இதே யார்டுக்கு வந்தபோது, மண் விற்றவர் முதலில் எங்கள் கதையைக் கேட்டார். அவர் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“தோண்ட வேண்டாமாம் அப்பா. மேலை குவிக்கட்டாம்.”

“தண்ணி ஓடிப்போயிடுமெல்லோ?”

“ஓடத்தான் வேணுமாம்.”

அந்தக் கோடையில் காய்த்த முதல் மிளகாய்களை அம்மா கறிக்குத் தொடவில்லை. அப்பா அவற்றை அந்த மண் விற்றவருக்குக் கொண்டுபோனார்.

இன்று அந்த மண் விற்றவர் இந்த யார்டில் இல்லை. மண் கொட்டிய பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். என் முதல் மிளகாய் காய்க்கும்போது வேண்டும்.